பிழைத்த பிழைகள்

ஆய்வுக்கூடம் பிணவறைக்கு அடுத்த கதவு என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் காலையில் கொஞ்சம் அளவாகச் சாப்பிட்டிருப்பேன்.

“எச்சில் முழுங்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது மாப்பிள்ளை,” என்றார் அத்தான், திரும்பிப் பார்க்காமலே.

“எச்சில் இல்ல அத்தான். தைரியத்தை உள்ள அனுப்பிக்கிட்டிருக்கேன்.”

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு போலி உயிலை அதிலிருந்த ஒற்றுப்பிழையை வைத்தே பிடித்துக் கொடுத்த பிறகு துப்பறிய வந்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயர் தெரியாது, பிழையார் என்றால்தான் தெரியும். எதைக் காட்டினாலும் ‘பிழை யார் செய்தது?’ என்று கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பெயர். நான் அக்காவோடு வந்த இலவச இணைப்பு. வண்டி ஓட்டுவேன், வாயும் ஓட்டுவேன். முதல் வேலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறார். இரண்டாவதை நானாக விருப்பப்பட்டுச் செய்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்களைத் தேடி வந்தவள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்ட அவளுடைய பெண் குழந்தை, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் சளிக்காய்ச்சல் வைரஸ் ஒன்று நுரையீரலில் இறங்கி, குழந்தை போய்விட்டது. வார்டில் பதினோரு பேருக்குப் பரிசோதித்ததில் மூன்று பேருக்குத்தான் அந்த வைரஸ் இருந்தது. குழந்தை, அம்மா, ஒரு நர்ஸ்.

“காய்ச்சலோட வேலைக்கு வந்தா சார் அவ,” என்றாள். “வந்து என் பொண்ணைத் தொட்டா. பொண்ணுகிட்டேருந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணைக் குழு உக்காருது. அவதான்னு எனக்கு எழுத்துல வேணும்.”

சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று சால்வையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். பால் கசிந்திருந்தது. குழந்தை போய்ப் பன்னிரண்டு நாளாகியும் அவள் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அத்தான் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிற மாதிரி திறந்தே இருந்த ஜன்னலோடு மல்லுக்கட்டினார்.

இன்று வெள்ளி. மணி பத்து.

ஆய்வுக்கூடத்து அம்மாளுக்கு ஐம்பது வயது. காதில் பேனா, கண்ணில் கடுப்பு. குழந்தையின் அம்மா கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“ரிப்போர்ட்தான் அன்னிக்கே குழுவுக்குக் குடுத்தாச்சே. மூணு மாதிரியிலயும் ஒரே வைரஸ். வித்தியாசம் இல்ல.”

“கொஞ்சம்கூட இல்லையா?” என்றார் அத்தான்.

“வைரஸ் தயார் பண்ற புரதத்துல மாற்றம் உண்டா, இல்லையா? படிவத்துல கேக்கறது அவ்வளவுதான். மூணுக்கும் இல்லைன்னு டிக் போட்டேன்.”

“அது பொருள்மா. நான் எழுத்தைக் கேக்கறேன்.”

காதிலிருந்த பேனா கைக்கு வந்தது. “அதை யாரும் கேக்கலையே.”

“நான் கேக்கறேன்.”

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பல வருஷமாக யாரும் விசாரிக்காத ஒரு உறவினரைப் பற்றி யாரோ விசாரித்துவிட்ட மாதிரி முகம் இளகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்கம்மா,” என்றேன். “நான் பத்தாவதுலயே அறிவியலோட அத்துக்கிட்டவன்.”

“வைரஸும் சரி, நீங்களும் சரி, வெறும் நாலு எழுத்துல எழுதினது தம்பி.”

“எங்கக்கா என்னை மூணே எழுத்துல முடிச்சிடுவா. மக்கு.”

“மூணுதான் கணக்கு,” என்றார் அவர், சிரிக்காமல். “அந்த நாலு எழுத்தை மூணு மூணா சேர்த்துத்தான் படிக்கணும். மொத்தம் அறுபத்து நாலு வார்த்தை வரும். மூணு வார்த்தை முற்றுப்புள்ளி. மிச்சம் அறுபத்தொண்ணு. ஆனா அந்த அறுபத்தொண்ணும் குறிக்கிற பொருள் இருபதுதான். இருபது வகைச் செங்கல்னு வெச்சுக்குங்க. அதை வரிசையா அடுக்கினா புரதம். ஒரு செங்கல்லுக்கு ரெண்டு பேர், நாலு பேர், சிலதுக்கு ஆறு பேர்கூட உண்டு.”

“சுத்த வீணா இருக்கே!”

“யானைக்கும்தான் வேழம், களிறுன்னு பத்துப் பேர் இருக்கு. அது வீணா?” என்று என்னை அடக்கினார் அத்தான். “ஏம்மா, இதுல எந்த எழுத்து மாறினா பொருள் மாறாது?”

“பெரும்பாலும் மூணாவது. கடைசி எழுத்து.”

அத்தான் மேஜையைத் தட்டினார். “கடைப்போலி!”

“எந்தக் கடையில போலி அத்தான்?”

“அக்கா உனக்குச் சரியாத்தான் பேர் வெச்சிருக்கா. பள்ளிக்கூடத்துல படிக்கல? அறம்னாலும் அறன்னாலும் ஒண்ணு. நலம்னாலும் நலன்னாலும் ஒண்ணு. கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறலைன்னா அது கடைப்போலி.” அவருக்கு மூச்சு வாங்கியது. “அச்சகத்துல ஒரு பாடப்புத்தகத்தை ரெண்டு பேர் திருட்டுத்தனமா அடிச்சாங்க. யாரு யாரைப் பாத்து அடிச்சான்னு கேஸ். பெரிய பிழையை வெச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது. பெரிய பிழையை எவனாவது நடுவுல திருத்திடுவான். நலம், நலன் ஆனதை எவனும் திருத்த மாட்டான். யார் கண்ணையும் உறுத்தாம அடுத்த பிரதிக்குப் போகும், அதுக்கடுத்த பிரதிக்கும் போகும்.”

“வைரஸ்ல திருத்தறதுக்கு ஆள் கிடையாது சார்,” என்றார் ஆய்வுக்கூடத்து அம்மாள். அவருக்கும் உற்சாகம் தொற்றிவிட்டது. “உடம்புக்குள்ள தன்னைத்தானே பிரதி எடுத்துக்கிட்டே இருக்கும். அதுல எழுத்து தப்பும். தப்பின எழுத்து பொருளைக் கெடுத்துட்டா அந்தப் பிரதி அங்கயே செத்தது. கெடுக்காத தப்பு மட்டும்தான் அடுத்த ஆளுக்குத் தாவும்.”

“ஆக, பிழைதான் பிழைக்கும்,” என்றேன்.

சும்மா சொன்னேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த விதத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஏதோ சரியாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. நான்கு வரிசை எழுத்துகள். மேல் வரிசை ‘ஊர்ப் பிரதி’. அந்தப் பருவத்தில் ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்த வைரஸ். அதன் கீழே மூன்று வரிசைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிறம். மாதிரி வந்த குழாயின் மூடி நிறம்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கால்மணி நேரம் தாள் மேலேயே குனிந்திருந்தார். விரல் மட்டும் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. பச்சை மூடி வரிசையில் ஊர்ப் பிரதியோடு ஒத்துப்போகாத எழுத்து ஒன்றே ஒன்று. வட்டம் போட்டார். சிவப்பு மூடியில் அதே இடத்தில் அதே பிழை, கூடவே புதிதாக ஒன்று. நீல மூடியில் அந்த இரண்டும் இருந்தன, மூன்றாவதாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

“எல்லாமே மூணாவது எழுத்து,” என்றார் அம்மாள். “பொருள் மாறல. அதனாலதான் படிவத்துல இல்லைன்னு போட்டேன்.”

“படிவத்தைத் தயார் பண்ணினவங்க தப்பும்மா. நீங்க என்ன பண்ணுவீங்க.” அத்தான் பேனாவை மூடினார். “ஊர்லேருந்து பச்சைக்கு வந்திருக்கு. பச்சையிலேருந்து சிவப்பு. சிவப்பிலேருந்து நீலம்.”

“தலைகீழா இருக்கக் கூடாதா?” என்றேன். “நீலத்துல ஆரம்பிச்சு?”

“அப்படின்னா பிழை ஒவ்வொண்ணா தானாவே திருந்திக்கிட்டு வந்திருக்கணும். முப்பது வருஷத்துல தானா திருந்தின பிழையை நான் பாத்ததில்ல.”

“மூடி யார் யாரோடது?”

“எனக்கு நிறம்தான் வரும். பேர் குழுகிட்ட இருக்கு,” என்றார் அம்மாள். பிறகு கொஞ்சம் தயங்கினார். “மூணு பேருக்கும் மாதிரி எடுத்தது அந்த நர்ஸ்தான். அன்னிக்கு அவங்க மேல யாருக்கும் சந்தேகம் வரல.”

வண்டியில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். பச்சை மூடி நர்ஸ் என்று தெரிந்துவிட்டால் கேஸ் முடிந்தது. அத்தான் குதிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

நர்ஸ் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தபோது கையில் இஸ்திரிப்பெட்டி. ஐம்பதை நெருங்கிய, ஒடிசலான அம்மாள். மேஜை மேல் விரித்திருந்த வெள்ளைச் சீருடையின் காலரை அரைகுறையாகத் தேய்த்திருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சாயங்காலம் குழு முன்னால் சீருடையில்தான் போய் நிற்பாராம்.

“இருபத்திரண்டு வருஷம் சார். வேற துணியில போனா நான் யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடும்,” என்றார்.

அத்தான் சுற்றி வளைக்கவில்லை. “உங்க மாதிரி எந்த மூடி?”

“நீலம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த விநாடி என்னை அறியாமல் கத்தியே விட்டேன். “அக்கா, நீங்க தப்பிச்சீங்க! நீங்கதான் கடைசி! உங்ககிட்டேருந்து குழந்தைக்குப் போகல, குழந்தைகிட்டேருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு! எழுத்துலயே இருக்கு!”

நர்ஸ் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தார். சந்தோஷத்தின் சாயல்கூட முகத்தில் இல்லை.

“அப்போ முதல் ஆள் யாருன்னும் தெரிஞ்சு போச்சா?” என்று அத்தானைக் கேட்டார்.

“குழந்தை பெட்டியை விட்டு எங்கயும் போகல. ஊர்லேருந்து அதுக்கு நேரா வர வழியில்ல,” என்றார் அத்தான். “அதனால ரெண்டு பக்கமும் பாத்தா குழந்தை நடுவுலதான். ஒரு கோடியில நீங்க. இன்னொரு கோடியில...”

அவர் முடிக்கவில்லை, முடிக்கவும் வேண்டாம். சால்வையை இழுத்து மூடிக்கொண்ட ஒரு கை என் கண் முன்னால் வந்தது. நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் சீருடையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பன்னிரண்டு நாள் அந்தப் பொண்ணு குழந்தையைக் கண்ணாடி வழியாத்தான் பாத்தா. ஓட்டைக்குள்ள கையை விட்டு ஒரு விரலால தொடுவா. அந்தச் சனிக்கிழமைதான் மூச்சு கொஞ்சம் சீரா இருக்குன்னு மடியில குடுக்கறதா இருந்துது. நான்தான் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தா. அப்புறம் மாஸ்க்கை இறக்கி, நெத்தியில ஒரே ஒரு முத்தம்.”

“நீங்க பாத்தீங்க.”

“பாத்தேன். ‘மாஸ்க்கை ஏத்திக்கோம்மா’ன்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்துது. அம்மா முகத்தை அது ஒரு தடவையாவது முழுசா பாக்கட்டுமேன்னு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவளுக்குக் காய்ச்சல் கீச்சல் ஒண்ணும் இல்ல சார். குரல் மட்டும் லேசா கட்டியிருந்துது. அழுது அழுது கட்டியிருக்குன்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க? நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். அதுக்கு மறுநாள்தான் குழந்தைக்குக் கண்டுபிடிச்சாங்க. வார்டு நோட்டுல என் காய்ச்சல் முதல்ல இருக்கு. அவ தொண்டைக்கு நோட்டுல கட்டமே கிடையாது.”

“குழுகிட்ட இதை ஏன் சொல்லல?”

“சொல்லி? சொல்லலைன்னா எனக்கு வேலைதான் போகும் சார். போகட்டும். காய்ச்சலோட வேலைக்குப் போனது நிஜம்தானே. மாத்து ஆள் இல்லைன்னாங்க, போனேன். பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டதும் நான்தான். நாலு மணிக்குப் போய் ஆமாம்னு சொல்லிடறேன். அவளுக்கு என்ன போகும்னு யோசிச்சுப் பாருங்க. தான் குடுத்த முத்தத்தாலதான்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு அப்புறம் கண்ணாடியில எப்படி முகம் பாப்பா?”

“செய்யாத தப்பை ஒத்துக்கறதும் பொய்தாம்மா.”

“நீங்க எழுத்தைத் திருத்தறவர் சார். நான் உசுரைப் பாத்துக்கறவ. ஒரு உசுர் போயாச்சு. இன்னொண்ணு போக வேண்டாம்னு கேக்கறேன்.”

அத்தான் தாளிருந்த பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்கு நடந்தார். வாக்குவாதத்தில் அவர் தோற்று நான் பார்த்தது இரண்டே தடவை. இன்னொன்று அக்காவிடம்.

இறங்கும்போது ஒவ்வொரு படியாக நின்று நின்று வந்தார். வண்டியில் உட்கார்ந்ததும், “தெரிஞ்சே ஒரு பிழையை விட்டதில்ல மாப்பிள்ளை, முப்பது வருஷத்துல,” என்றார்.

“இப்ப?”

“விடப்போறேன். கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடலாம்.”

“அந்தக்கா வேலை?”

“தெரியல. எதைப் பண்ணினாலும் யாரோ ஒருத்தர் தலையில விழுது.” குரல் உடைந்தது. “நேரா கடைக்கு விடு. வேற எதையும் கேக்காத.”

ஜெராக்ஸ் கடை ஒரு நீள அறை. வாசலில் பலகை மேஜை, பின்னால் இரண்டு இயந்திரங்கள், சுவர் ஓரமாகத் தாள் கட்டுகள். மணி இரண்டரை. கூட்டம் இல்லை. அவள் இயந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்து, கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டாள்.

“கிடைச்சுதா சார்?”

“திட்டவட்டமா ஒண்ணும் சொல்ல முடியலம்மா,” என்றார் அத்தான். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது சிவந்துவிட்டது. “எழுத்துல குடுக்கிற அளவுக்கு ஒண்ணும்...”

“அது என்ன பேப்பர்?”

சட்டைப் பையில் நாலாக மடித்த தாள். வெளிப்பக்கமே சிவப்பு வட்டங்கள் தெரிந்தன. அத்தான் கையால் மறைத்தார். மறைத்திருக்கக் கூடாது.

“என் குழந்தை சம்பந்தப்பட்டதுதானே? குடுங்க சார்.”

குழந்தை என்று கேட்ட பிறகு அவரால் முடியவில்லை; வட்டம் போட்டதெல்லாம் பொருளை மாற்றாத எழுத்துதான், ஒரே பொருளுக்கு இன்னொரு வார்த்தைதான் என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

அவள் அதை மேஜையில் விரித்து, இரண்டு கையாலும் நீவினாள். நாங்கள் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டதை அவள் ஒரே பார்வையில் முடித்தாள். அத்தானும் நானும் யோசிக்காமல் விட்ட விஷயம் அதுதான். நாள் முழுக்கப் பிரதி எடுக்கிறவளிடம் பிரதிகளைக் கொண்டுபோய்க் காட்டினோம்.

“இது மூணும் ஒண்ணை வெச்சு ஒண்ணு எடுத்த காப்பி,” என்றாள். “கண்ணாடியில தூசி இருந்தா முதல் காப்பியில ஒரு புள்ளி விழும். அந்தக் காப்பியை வெச்சு மறுபடி எடுத்தா பழைய புள்ளியும் வரும், புதுசா ஒண்ணும் வரும். படிக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரிஜினல் எதுன்னு கேட்டு யாராவது வந்தா நான் புள்ளியைத்தான் எண்ணுவேன்.” விரல் நகர்ந்தது. “பச்சைதான் முதல்ல. அப்புறம் சிவப்பு. கடைசியா நீலம்.”

“உங்களுக்கு நீலம்,” என்றேன் நான்.

என் வாய் எத்தனையோ உளறியிருக்கிறது. ஆனால் இதைவிட மனசார ஒரு பொய்யை அது சொன்னதே இல்லை. அத்தான் என்னைத் தடுக்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“எனக்குப் பச்சை அண்ணா. மூக்குல குச்சியை விட்டப்போ கண்ணுல தண்ணி வந்துது. அந்தக்கா கையில இருந்த மூடியைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

தெருவில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே, மடியில வாங்கறதுக்கு முன்னாடியே, தொண்டை கரகரன்னு இருந்துது சார். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா உள்ள விட மாட்டாங்க. மறுநாள் மடியில குடுக்கறோம்னு சொல்லியிருந்தாங்க.” விரல் சிவப்பு வரிசை மேலேயே இருந்தது. “எனக்குத் தெரியாம இல்ல. வேற யாரோதான்னு ஒருத்தர் எழுத்துல குடுத்துட்டா நம்பிடலாம்னு பாத்தேன்.”

அத்தான் பலகை மேஜையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர். அக்கா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

“நீ வேணும்னு பண்ணலம்மா.”

“பொருளை மாத்தாத எழுத்துன்னா, அது எதுக்கு சார் இருக்கு?” என்று கேட்டாள், அவர் சொன்னது காதிலேயே விழாத மாதிரி. “ஒரு பொருளுக்கு ஒரு வார்த்தை போதாதா? இந்த வட்டமெல்லாம் விழாம இருந்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்குமே.”

“போதும்னு வெச்சிருந்தா உலகத்துல ஒண்ணுமே மிஞ்சியிருக்காதும்மா. பிரதி எடுக்கறப்போ எழுத்து தப்பத்தான் செய்யும். ஒவ்வொரு தப்புக்கும் சாவுதான்னா உயிர்ங்கறது ஆரம்பிச்ச இடத்துலயே முடிஞ்சிருக்கும். அதான் தப்பினாலும் தாங்கற மாதிரி கொஞ்சம் இடம் விட்டு வெச்சிருக்கு. உனக்குள்ள இருக்கு, எனக்குள்ள இருக்கு. இத்தனை கோடி வருஷம் எல்லாம் பிழைச்சு வந்தது அந்த இடத்தாலதான்.”

“வைரஸுக்கும் விட்டிருக்கு.”

“அதுக்கும்தான்.”

“என் பொண்ணுக்கு விடலையே சார்.”

அத்தான் அழுதுவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஜெராக்ஸ் கடைத் தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரும் சரியாகத் தெரியவில்லை.

அவள் சிவப்பு வரிசையிலிருந்து விரலை எடுத்தாள். “அந்தக்காவுக்கு இது தெரியுமா?”

“தெரியும்,” என்றார் அத்தான். இனி மறைத்து என்ன. “நீ முத்தம் குடுத்ததைப் பாத்தாங்க. அம்மா முகத்தைக் குழந்தை பாக்கட்டும்னு திரும்பிக்கிட்டாங்களாம். நாலு மணிக்குப் போய்த் தன்னாலதான்னு ஒத்துக்கப் போறாங்க.”

“எனக்காகவா?”

“உனக்காகத்தான்.”

“நான் அவங்களை அவ இவன்னு பேசினேன்,” என்றாள். முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

பிறகு எழுந்தாள். அத்தானின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். தாளில் நீலம் என்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ‘நர்ஸ் அக்கா’ என்று எழுதினாள். பச்சைக்குப் பக்கத்தில் ‘அம்மா’ என்று எழுதினாள். சிவப்புக்கு வந்ததும் கை நின்றது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் எல்லாம் ‘பெண் குழந்தை’ என்று மட்டும்தான் போட்டிருந்தது. அவள் அப்படி எழுதவில்லை. ஒரு பெயரை எழுதினாள். வைப்பதற்காக மனசுக்குள் வைத்திருந்த பெயராக இருக்க வேண்டும். நல்ல பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“குழுவுல எத்தனை பேர் அண்ணா?”

“அஞ்சு பேர்.”

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை இறக்கி, ஐந்தை அழுத்தினாள். வெளிச்சம் ஐந்து தடவை அவள் முகத்தில் போய் வந்தது. வந்து விழுந்த தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி எடுத்துக்கொண்டாள்.

“யோசிச்சுக்கோம்மா,” என்றார் அத்தான். “இதைக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது.”

அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்துப் பூட்டினாள்.

“வேகமா ஓட்டுங்க அண்ணா,” என்றாள் என்னிடம். “அந்தக்கா ஆமாம்னு சொல்றதுக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்.”